செருப்போடு ட்ரையலுக்குப் போகாதீர்கள்

கேள்வி: ஐயா, எனக்கு வயது 28. சொந்த ஊர் கோத்தகிரி பக்கம், வேலை கோயம்புத்தூரில். ஆவணியில் கல்யாணம். காலையில் முகூர்த்தம் வேட்டி சட்டையில் முடிந்துவிடும். மாலையில் பெண் வீட்டார் ஊட்டியில் வைக்கும் வரவேற்புக்கு கோட் சூட். அடர்நீலத் துணி எடுத்துத் தைக்கக் கொடுத்துவிட்டேன். ஷூவில்தான் குழப்பம். கூர்மூக்கு வைத்த டேன் கலர் (மஞ்சள் சாயல் அடித்த இளம்பிரவுன்) ஷூதான் இப்போது போகிறது என்கிறார்கள் நண்பர்கள். கருப்புதான் மரியாதை என்கிறார் அப்பா. நான்கு வருடம் முன்பு இன்டர்வியூவுக்காக வாங்கிய கருப்பு ஷூ ஒன்று ஊர் வீட்டு பீரோவில் புதிதாகவே இருக்கிறது. அதையே போட்டுக்கொள்ளலாமா? புதிதாக வாங்குவதென்றால் 5,000 ரூபாய்க்கு மேல் முடியாது. அப்பா வேட்டிக்கு மேல் கோட்டு போடுகிறவர். அவருக்கும் ஷூ வாங்க வேண்டுமா?

பதில்: தம்பி, முதலில் அந்த பீரோவைத் திறந்து ஷூவை வெளியே எடுங்கள். காலில் போட வேண்டாம். கையில் வைத்து அடிப்பாகத்தை இரண்டு மூன்று முறை மடக்கிப் பாருங்கள், ஹீல் ஓரத்தை நகத்தால் அழுத்துங்கள். பிசுபிசு என்று ஒட்டினாலோ, கீறல் விட்டாலோ, தூள் உதிர்ந்தாலோ அந்த ஷூவின் கதை முடிந்தது. லேசாக இருக்கும் ஷூக்களில் பலவற்றுக்கு பாலியூரித்தேன் சோல்தான். காற்றில் இருக்கும் ஈரம் அந்தப் பொருளைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்துக்கொண்டே இருக்கும். போட்டு நடந்தால்தான் கெடும் என்றில்லை, பெட்டிக்குள் சும்மா கிடந்தாலும் கெடும். சொல்லப்போனால் சும்மா கிடந்தால்தான் நமக்குத் தெரியாமல் கெடும். நம் மலையில் பீரோவுக்குள்ளும் ஈரம்தானே! ஒரு வரவேற்பில் மாப்பிள்ளையின் மாமா ஒருவர் பளபளவென்று புது ஷூவோடு மண்டபப் படி ஏறினார். பத்துப் படி ஏறுவதற்குள் அவர் பின்னால் ஊட்டி வர்க்கி உதிர்ந்த மாதிரி கருப்புத் தூள். மேடை ஏறும்போது மேல்பாகம் மட்டும் காலில் இருந்தது. அன்றைக்கு மாமா செருப்போடுதான் போட்டோவில் நின்றார்.

சோல் கெட்டியான ரப்பராக இருந்து மடக்கினால் ஒன்றும் ஆகவில்லை என்றால், அதையே போடுங்கள். 5,000 ரூபாய் மிச்சம். ஆனால் மீதியையும் படித்துவிடுங்கள்.

நான் குன்னூரில் நாற்பது வருடமாகக் கோட்டு தைக்கிறேன். அப்பாவும் இதே தொழில்தான். 1947இல் குவெட்டாவிலிருந்து பக்கத்து வெலிங்டனுக்கு ராணுவ அதிகாரிகளின் ஸ்டாஃப் காலேஜ் வந்த பிறகு, வருடா வருடம் புது அதிகாரிகள், வருடா வருடம் புதுக் கோட்டு என்று எங்கள் கடைக்கு வேலை இருந்துகொண்டே இருந்தது. அந்த அதிகாரிகளிடம் நான் சின்ன வயதில் கவனித்த ஒரு பழக்கம் உண்டு. ட்ரையலுக்கு வரும்போது கையில் ஒரு துணிப்பை இருக்கும். அதற்குள் ஷூ. போட்டு வந்த ஷூவைக் கழற்றிவிட்டு, அந்தக் கோட்டோடு எதைப் போடப்போகிறார்களோ அதை மாட்டிக்கொண்டு நேராக நிற்பார்கள். அப்புறம்தான் அப்பா பேன்ட் நீளத்துக்குச் சாக்பீஸ் வைப்பார்.

நம் மாப்பிள்ளைகள் ரப்பர் செருப்போடு வருவார்கள். எனக்கு அனுபவம் பற்றாத காலத்தில் ஒருவருக்கு அப்படியே அளந்து, அப்படியே மடித்துத் தைத்துக் கொடுத்துவிட்டேன். தப்பு என் மேல்தான், கேட்டிருக்க வேண்டும். வரவேற்பன்று ஷூவை மாட்டினார். ஹீல் ஒரு அங்குலத்துக்கு மேல். பேன்ட் முக்கால் அங்குலம் மேலேறி நிற்கிறது, கீழே வெள்ளை சாக்ஸ் பளிச்சென்று தெரிகிறது. ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். ஊசியும் நூலும் எடுத்துக்கொண்டு ஓடினேன். உள்மடிப்பில் இரண்டு அங்குலம் விட்டிருந்ததால் பிழைத்தேன். மணமகன் அறையில் அவர் துண்டோடு நிற்க, நான் தரையில் உட்கார்ந்து தையலைப் பிரித்து இறக்கி, கையாலேயே ஹெம்மிங் போட்டேன். பிரித்த இடத்தில் பழைய மடிப்பு கோடாகத் தெரிந்தது. கைக்குட்டையை நனைத்துப் பிழிந்து மேலே விரித்து இஸ்திரி போட்டதும் பாதி மறைந்தது. மீதியை மேடையில் வைத்த பூந்தொட்டி மறைத்தது. வெளியே பாட்டுக் கச்சேரிக்காரர் அதற்குள் மூன்று பாட்டு முடித்துவிட்டார்.

ஆகவே முதலில் ஷூ வாங்குங்கள். ட்ரையல் அதற்குப் பிறகு. நீங்கள் துணி கொடுத்திருக்கும் தையற்காரரிடம் இன்றைக்கே போன் போட்டு, ‘பேன்ட் அடியை மடிக்காமல் வையுங்கள், ஷூ கொண்டு வருகிறேன்’ என்று சொல்லிவிடுங்கள். பாட்டம் சுற்றளவு எவ்வளவு என்பதும் ஷூவைப் பார்த்துத்தான் முடிவாக வேண்டும். 13 அங்குலம் வைத்து இறுக்கிவிட்டு அதற்குக் கீழே கனமான ஷூ மாட்டினால் வாத்துக்கால் மாதிரி இருக்கும். 15, 15½ வைத்தால் பேன்ட் ஷூ மேல் அமைதியாக வந்து உட்காரும். நிற்கும்போது முன்பக்கம் ஒரே ஒரு மெல்லிய மடிப்பு விழ வேண்டும். இரண்டு மூன்று விழுந்தால் நீளம் அதிகம். பின்பக்கம் ஹீலுக்கு மேல் அரை அங்குலத்தில் நின்றால் போதும், தரையைத் தொட்டால் ஊட்டி மழையில் சேற்றை உறிஞ்சும்.

சரி, கலர். உங்கள் அப்பா சொல்வதுதான் இந்த இடத்தில் சரி. அடர்நீலத்துக்கு கருப்பும் போகும், அடர்பிரவுனும் போகும், மெரூன் சாயல் அடித்த பிரவுன் இன்னும் அழகாகப் போகும். டேன் கலரும் போகாதென்று இல்லை. பகலில், டை இல்லாமல், இளநீலக் கோட்டுக்கு அது பொருத்தம். ஆனால் உங்களுடையது மாலை வரவேற்பு. மேடை விளக்கு முழுவதும் மேலிருந்து அடிக்கும், கீழே அடர்நீலப் பேன்ட் கிட்டத்தட்ட கருப்பாகத் தெரியும். அதற்குக் கீழே இரண்டு மஞ்சள் கட்டிகள் இருந்தால் போட்டோவில் கண் முகத்துக்குப் போகாது, காலுக்குத்தான் போகும். பக்கத்தில் பட்டுப்புடவையில் நிற்கும் பெண்ணுக்கும் அது அநியாயம்.

லண்டன்காரர்களுக்கு ஒரு பழைய சட்டம் இருந்தது: நகரத்து வேலைக்கு கருப்பு ஷூ, கிராமத்துக்கும் வேட்டைக்கும்தான் பிரவுன். அந்தக் கணக்கில் பார்த்தால் மலைக்கு வந்தவர்களுக்கு ட்வீட் கோட்டும் பிரவுன் ஷூவும்தான் பொருத்தம். எங்கள் கடைக்குப் பழுதுபார்க்க வந்த பழைய கோட்டுகள் பாதி அந்த ரகம்தான். இன்றைக்கு யாரும் அந்தச் சட்டத்தைப் பார்ப்பதில்லை. நானும் பார்ப்பதில்லை. ஒன்றை மட்டும் விடமாட்டேன்: கருப்பு சூட்டுக்கு பிரவுன் ஷூ போட்டால் எனக்குக் கண் உறுத்தும். உங்களுடையது நீலம், தப்பித்தீர்கள். ஒரே ஜோடிதான் வாங்க முடியும், கல்யாணத்துக்குப் பிறகு ஆபீசுக்கும் அதையே போடுவேன் என்றால் கருப்பு. பெல்ட்டும் கருப்பு, ஒன்றேகால் அங்குல அகலம், சின்ன பக்கிள். ஜீன்ஸுக்குப் போடும் பட்டையான பெல்ட் வேண்டாம், கோட்டு வயிற்றுப் பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும்.

கூர்மூக்கு பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாம் சின்ன வயதிலிருந்து செருப்பில் வளர்ந்தவர்கள், வீட்டில் வெறுங்காலில் நடப்பவர்கள். விரல்கள் நன்றாக விரிந்திருக்கும். அந்தக் காலைக் கூர்மூக்கில் திணித்தால் சுண்டுவிரல் அழும். அதை விடப் பெரிய சிக்கல், நீங்கள் அதைப் போட்டு நடக்கப்போவது மலையில். சரிவில் இறங்கும்போது கால் முன்பக்கம் சறுக்கும், விரல் போய் மூக்கில் இடிக்கும். லோயர் குன்னூர் மார்க்கெட்டுக்குப் படி இறங்கிப் பாருங்கள், சொல்வது புரியும். லேஸ் கட்டிய ஷூ என்றால் பாதத்தின் மேட்டைப் பிடித்துக்கொள்ளும், முன்னால் போக விடாது. லேஸ் இல்லாத லோஃபரில் இறங்கும்போது விரல் இடிக்கும், ஏறும்போது குதிகால் கழன்று கழன்று வரும்.

லேஸ் ஷூவில் இரண்டு வகை. லேஸ் போடும் இரண்டு பட்டைகளும் முன்பக்கத் தோலுக்கு அடியில் போய்த் தைக்கப்பட்டிருந்தால் அது ஆக்ஸ்ஃபோர்ட். மேலே வந்து உட்கார்ந்து, லேஸை அவிழ்த்ததும் கதவு மாதிரி விரிந்தால் அது டெர்பி. ஆக்ஸ்ஃபோர்ட் இன்னும் கம்பீரம் என்பார்கள், உண்மைதான். ஆனால் நான் உங்களுக்கு டெர்பி சொல்கிறேன். அகலமான காலுக்கும் உயரமான பாத மேட்டுக்கும் அது இடம் கொடுக்கும். இன்னொரு காரணமும் உண்டு: நம் ஊர் விசேஷத்தில் ஷூவை எத்தனை முறை கழற்ற வேண்டியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். மண்டபத்துக்குள் சாமி படம் வைத்திருக்கும் இடத்தில் ஒருமுறை, பெரியவர்கள் காலில் விழும்போது ஒருமுறை, பெண் வீட்டுக்குப் போனால் வாசலில் ஒருமுறை. டெர்பி சட்டென்று விரியும், சட்டென்று மாட்டலாம். குதிகாலை உள்ளே வழுக்கிவிடும் நீளமான ஷூ ஹார்ன் ஒன்றை மாப்பிள்ளைத் தோழன் பையில் போட்டு வையுங்கள்.

மூக்கு வட்டமாக, குறுக்கே ஒரு தையல் ஓடினால் போதும். பொட்டுப் பொட்டாகத் துளையிட்ட பிரோக் வேலைப்பாடு அழகுதான், ஆனால் சேறு போய்த் துளையில் உட்கார்ந்தால் பல் தேய்க்கும் பிரஷ்ஷை வைத்து நோண்ட வேண்டும்.

கடைக்கு மாலையில் போங்கள். நாள் முழுவதும் நடந்த கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், வரவேற்பும் மாலையில்தானே. அன்று போடப்போகும் சாக்ஸையே போட்டுக்கொண்டு, இரண்டு காலிலும் மாட்டி, எழுந்து நின்று பாருங்கள். நிறையப் பேருக்கு ஒரு கால் மற்றதை விடப் பெரிது, பெரிய காலுக்குத்தான் வாங்க வேண்டும். நம் கடைகளில் 8 என்றால் ஐரோப்பிய அளவில் 42. ஆனால் ஒரு கம்பெனியின் 8 இன்னொரு கம்பெனியில் இறுகும், அதனால் ஆன்லைனில் நம்பரை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். ‘போடப் போட லூசாகிவிடும் சார்’ என்று கடைக்காரர் சொன்னால் பாதி நம்புங்கள். நல்ல தோல் அகலத்தில் கொஞ்சம் கொடுக்கும். நீளத்தில் கொடுக்காது.

தோலா இல்லையா என்று பார்க்க நெருப்பு வைத்துக் காட்டச் சொல்லாதீர்கள், அது தெருக்கடை வித்தை. கட்டைவிரலால் மேல்பாகத்தை அழுத்தினால் நல்ல தோலில் நுணுக்கமான சுருக்கங்கள் விழுந்து, எடுத்ததும் போய்விடும். பிளாஸ்டிக் பூச்சு என்றால் ரப்பர் பந்தை அழுத்தியது போல் ஒரே குழியாக விழும். நாக்குப் பட்டையின் ஓரத்தைத் திருப்பிப் பாருங்கள், வெட்டிய இடத்தில் நார் நாராகத் தெரிந்தால் தோல். கண்ணாடி மாதிரி மினுக்கும் ஷூவில் தோலே இருந்தாலும் மேலே பூச்சு கனமாக இருக்கும், மடங்கும் இடத்தில் ஆறு மாதத்தில் வெடிக்கும். உங்கள் 5,000 ரூபாய்க்குள் மினுக்கம் குறைவான, நிஜத் தோல், ரப்பர் சோல் ஷூ கிடைக்கும். நம் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் தோலும் ஷூவும் பெரிய தொழில், வெளிநாட்டுக்கே போகிறது. நம் மலைக்கும் அந்தத் தோலுக்கும் ஒரு பழைய உறவு உண்டு. இங்கே சீகை மரம் என்கிறோமே, ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து நட்ட வாட்டில், அதன் பட்டைதான் தோல் பதனிடப் போனது. புல்வெளியை எல்லாம் அது விழுங்கிவிட்டது என்பது வேறு வழக்கு.

அடித்தோல் வைத்த ஷூ வேண்டாம். தோல் சோலும் ஈர டைல்ஸும் ஆகாது. ரப்பரிலும் புதுசாக இருக்கும்போது வழவழப்பு இருக்கும். உப்புத்தாள் ஒரு துண்டு எடுத்துச் சோலை நான்கு தேய்ப்பு தேய்த்துவிடுங்கள். வாங்கியதும் பெட்டியிலேயே வைத்திருந்து வரவேற்பன்று திறக்காதீர்கள். பத்து நாள், தினம் ஒரு மணி நேரம் வீட்டுக்குள் போட்டு நடந்தால் எங்கே கடிக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்துவிடும்.

ஆவணியில் கோத்தகிரியில் வெயில் அடித்தாலும் அடிக்கும். நமக்குக் கனமழை ஐப்பசி, கார்த்திகையில்தான். ஆனால் ஊட்டியில் தென்மேற்குப் பருவமழை அப்போது விட்டிருக்காது. இங்கே வானம் வெளுத்திருக்கிறதே என்று ஷூவோடு கிளம்பாதீர்கள். பழைய செருப்பில் போய், மண்டபத்துக்குள் மாற்றிக்கொள்ளுங்கள். கையில் இரண்டு ஜோடி சாக்ஸ் இருக்கட்டும், பேன்ட் கலரிலேயே, கெண்டைக்கால் வரை ஏறுகிற மாதிரி. வெள்ளை சாக்ஸ் பள்ளிக்கூடத்தோடு முடிந்தது. ஷூவைக் கழற்றும் ஊரில் சாக்ஸும் உடுப்புதான். கட்டைவிரல் எட்டிப் பார்க்கும் சாக்ஸோடு மாமனார் வீட்டுக் கூடத்தில் நிற்பதை விடக் கொடுமை கிடையாது.

கோட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் மூன்று விஷயம். பின்பக்கப் பிளவில் பெருக்கல் குறி மாதிரி ஒரு தையல் இருக்கும். அது கசங்காமலிருக்கப் போடும் தற்காலிகத் தையல், பிரித்துவிடுங்கள். கைப்பக்கம் துணிக் கம்பெனி லேபிள் தைத்திருந்தால் அதையும் பிரித்துவிடுங்கள். லேபிளைப் பெருமையாகக் காட்டிக்கொண்டு கைகொடுக்கும் மாப்பிள்ளைகளை வருடத்துக்கு இருவராவது பார்க்கிறேன். இரண்டு பட்டன் கோட்டில் மேல் பட்டன் மட்டும் போட வேண்டும், உட்காரும்போது அதையும் கழற்றிவிட வேண்டும்.

எவ்வளவு பார்த்தாலும் ஷூ நனையத்தான் செய்யும். நனைந்தால் கணப்புப் பக்கமோ ஹீட்டர் பக்கமோ வைக்காதீர்கள், தோல் அப்பளமாக விறைத்துவிடும். லேஸை உருவி, இன்சோல் தனியாக வந்தால் வெளியே எடுத்து, செய்தித்தாளைக் கசக்கி உள்ளே அடையுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தாளை மாற்றி, நிழலில் காற்றாடப் பக்கவாட்டில் சாய்த்து வையுங்கள். முழுக்கக் காய இரண்டு நாள் ஆகும், மலையில் மூன்று நாள்கூட ஆகும். அப்புறம்தான் பாலிஷ். ஸ்பாஞ்சு வைத்த உடனடி மினுக்கு பாட்டில் வேண்டாம், டப்பாவில் வரும் மெழுகு பாலிஷ் போதும். பிறகு பிளாஸ்டிக் கவரில் கட்டி பீரோவில் போட்டுவிடாதீர்கள், நம் வீடுகளில் வெள்ளைப் பூஞ்சை பிடிக்க அதுவே போதும். துணிப்பையில் போட்டு, மாதம் ஒருமுறை வெளியே எடுத்துக் காற்றாட வையுங்கள். பூஞ்சை வந்துவிட்டால் வீட்டுக்கு வெளியே வைத்து உலர்ந்த துணியால் துடையுங்கள். அப்புறம் வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து துணியில் லேசாகத் தொட்டு இன்னொருமுறை துடைத்து, நிழலில் காயவிடுங்கள்.

இனி அப்பா. வெள்ளை வேட்டி, மேலே கருப்போ சாம்பலோ கோட்டு. நீலகிரியில் நம் பெரியவர்களின் உடுப்பே அதுதான், குளிருக்கும் மரியாதைக்கும் சேர்த்து. அதற்குக் கீழே பிள்ளைகள் வாங்கிக்கொடுத்த ஸ்போர்ட்ஸ் ஷூவை மாட்டிவிடுவதைத்தான் தாங்க முடியவில்லை. அவர் வழக்கமாகத் தோல் செருப்பு போடுகிறவர் என்றால் புதிதாக ஒரு நல்ல தோல் செருப்பு வாங்கிக் கொடுங்கள், கருப்போ அடர்பிரவுனோ. கால் குளிர்கிறது என்றால் லேஸ் இல்லாத சாதாரணக் கருப்புத் தோல் ஷூ. மேடையில் நிற்கப்போகிறவர்தான், மலை இறங்கப்போவதில்லை, அவருக்கு லோஃபர் சரி. குனிந்து லேஸ் கட்டும் வேலையும் இல்லை. வேட்டியைக் கணுக்கால் மறைய இறக்கிக் கட்டச் சொல்லுங்கள்.

அவருடைய கோட்டையும் ஒருமுறை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். அக்குளில் லைனிங் கிழிந்திருக்கும், பெரும்பாலும் பையில் ஓட்டை இருக்கும். மொய்க்கவரை அந்தப் பையில்தான் போடப்போகிறார். நீங்கள் ட்ரையலுக்குப் போகும்போது அதையும் எடுத்துப் போனால் அரை மணி நேர வேலை.